தேளிக்குப் பெயர் வைத்த கதை

1794இல் பெர்லின் நகரத்தில் ஒரு தேளி பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு உயிர் இல்லை. மீனாக அது பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம். பிடிபட்டு, பதம் செய்யப்பட்டு, கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது ஒரு டாக்டர் வீட்டு அலமாரிக்கு. அந்த அலமாரியில் கிடந்த உடலைப் பார்த்து எழுதிய சில பத்திகளிலும், கூடவே அச்சான ஒரு வண்ணப் படத்திலும்தான் தேளி ஓர் ‘இனமாக’ப் பிறந்தது. விஞ்ஞான உலகின் பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான். காவிரிப் படுகையில் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்களும், அதனிடம் கொட்டு வாங்கிக் கையை உதறியவர்களும் அதற்கு முன் எத்தனை தலைமுறை இருந்தாலும் அந்தக் கணக்கு இதில் சேராது.

அந்த டாக்டரின் பெயர் மார்கஸ் எலியேசர் ப்ளோக். 1723இல் ஆன்ஸ்பாக் என்ற ஊரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் படித்ததெல்லாம் ஹீப்ரு மொழி வேத நூல்கள்தாம். ஜெர்மன் மொழியையும் லத்தீனையும் வாலிப வயதில்தான் எழுத்துக்கூட்டிக் கற்றவர். பெர்லினில் பேர்பெற்ற வைத்தியரானார். ஐம்பது வயதைத் தாண்டியபின் அவரை மீன் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வைத்தியத்தில் சம்பாதித்ததை மீனில் கொட்டினார். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகள், 432 வண்ணத் தட்டுகள். முதல் மூன்று தொகுதிகள் ஜெர்மன் நாட்டு மீன்களுக்கு, மீதி ஒன்பதும் வெளிநாட்டு மீன்களுக்கு. செலவு தாங்காமல் போனபோது பிரபுக்களும் அறிஞர்களும் தட்டுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் படத்தின் அடியில் பொறிக்கப்பட்டது. கோவில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை.

வெளிநாட்டு மீன்களை எழுத வெளிநாட்டுக்குப் போக வேண்டாமா? ப்ளோக் போகவில்லை. மீன்கள் அவரிடம் வந்தன. நம் பக்கத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1620இல் கோட்டை கட்டியவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அங்கே கொடி பறக்கவிட்டார்கள். சீகன்பால்கு பாதிரியார் 1706இல் வந்திறங்கிய அதே மிஷனுக்கு 1771இல் வந்தவர் ஜான். பள்ளிக்கூடம் நடத்தினார், பிரசங்கம் செய்தார், மிச்ச நேரத்தில் சிப்பியும் பாம்பும் மீனும் சேர்த்தார். கூட இருந்த ராட்லர் பாதிரியார் செடிகொடிகளைப் பார்த்துக்கொண்டார். இவர்கள் சேகரித்தார்கள் என்று சொல்வது வழக்கம். கரையில் வலை இழுத்தவரும் குளத்தில் இறங்கிச் சேற்றைத் துழாவியவரும் வேறு ஆட்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பெயர் எந்தத் தட்டின் அடியிலும் இல்லை.

ஜானுக்கு மட்டும் கைம்மாறு கிடைத்தது. கத்தாழை மீன் வகையொன்றுக்கு 1793இல் ப்ளோக் ‘ஜானியஸ்’ என்று பேரினப் பெயர் வைத்தார். அதில் ஓர் இனத்தின் பெயர் ‘கருட்டா’. தரங்கம்பாடி மீனவர் சொன்ன ‘கறுத்த கத்தாழை’ ஜானின் கடிதத்தில் ஏறி, பெர்லினில் லத்தீன் உடுப்புப் போட்டுக்கொண்ட கோலம் அது. ஆக ப்ளோக்குக்குத் தமிழ்ப் பெயர்களை எடுத்தாள்வதில் தயக்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தேளி அவர் கையில் தேளியாகவில்லை.

கோடை முற்றிக் குளம் முழங்காலளவுக்கு வற்றும்போது ஊர் ஆட்கள் ஊத்தாவும் கூடையுமாக இறங்குவார்கள். கெண்டை, கெளுத்தியெல்லாம் முதல் கலக்கலிலேயே மேலே வந்து வாயைத் திறந்து கூடைக்குள் போய்விடும். விரால் ஒரு துள்ளு துள்ளிப் பார்க்கும். தேளி அப்படியில்லை, அடியில், சேற்றில், கால் படும்வரை அசையாமல் கிடக்கும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம்; பெரியதென்றால் ஓரடி. தட்டையான தலை, பக்கவாட்டில் நசுங்கிய வழுவழுப்பான உடம்பு, செதில் கிடையாது. குட்டியில் செம்மண் நிறம், வளர்ந்தபின் கரும்பழுப்பு. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பு ஒப்புக்குச் சின்னதாக இருக்கும். வயிற்றுக்குக் கீழே தொடங்கும் துடுப்போ வால்வரைக்கும் நீளமாக ஓடும்.

ஆபத்தெல்லாம் தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் துடுப்பு முள்ளில். மீன் அதை விறைத்து நிறுத்தினால் மடங்காது. மூட்டிலேயே பூட்டு விழும். முள்ளின் உள்விளிம்பில் ரம்பப் பல், மேலே மூடிய தோலில் விஷச் சுரப்பி. குத்தினால் அரை நாள் தோள்வரை கடுக்கும். தேள் கொட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. மீன் விஷம் சூட்டுக்கு முறியக்கூடியது. ஆகவே தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருப்பது வைத்தியரும் ஒப்புக்கொள்ளும் முதலுதவி. சந்தையில் விற்கிறவர் முள்ளை முறித்துவிட்டுத்தான் பையில் போடுவார். வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பை எடுத்தபின் அரிவாள்மனைக்கு வரும். அதுவரை உயிரோடு இருக்கும் என்பதுதான் இந்த மீனின் விசேஷம். ஈரம் மட்டும் இருந்தால் போதும், தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் கிடக்கும்.

இதில் எவ்வளவு பெர்லினுக்குப் போயிருக்கும்? மீசை போயிருக்கும், முள் போயிருக்கும். துடுப்புக் கதிர்களை எண்ணலாம்: முதுகில் ஆறேழு, அடித்துடுப்பில் அறுபதுக்கு மேல். ப்ளோக் இதையெல்லாம் கர்மசிரத்தையாக எண்ணுகிற ஆள். நிறம் போயிருக்காது. கடுப்பு போயிருக்காது. மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி இறங்கும் பழக்கம் நிச்சயமாகப் போயிருக்காது.

கையில் இருந்ததை வைத்து அவர் மீனை ‘சைலூரஸ்’ என்ற பேரினத்தில் போட்டார். வகைப்பாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் ஏற்படுத்திய பேரினம் அது. மீசை இருந்து செதில் இல்லாத மீன் உலகத்தில் எங்கே கிடைத்தாலும் அந்தக் காலத்தில் அதற்குள்தான் போகும். வீட்டுப் பரண் மாதிரி, வேறெங்கும் இடமில்லாததெல்லாம் அங்கே. ஐரோப்பிய ஆறுகளில் ஆள் நீளத்துக்கு மேல் வளரும் பெரிய மீசைமீனும் சைலூரஸ்தான், தரங்கம்பாடித் தேளியும் சைலூரஸ்தான். பேரினப் பெயர் இப்படிக் கைக்கு வந்தது. இனப் பெயராக ப்ளோக் வைத்தது ‘ஃபாஸிலிஸ்’.

புதைபடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. லத்தீனில் தோண்டி எடுக்கப்பட்டது எதுவும் ஃபாஸிலிஸ்தான். சேற்றில் புதைந்து வாழும் ஐரோப்பிய அயிரை ஒன்றுக்கு லின்னேயஸ் ஏற்கெனவே அந்தப் பெயரைக் கொடுத்திருந்தார். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம், சந்தேகம் என்பதைவிட ஊகம். அலமாரியில் கிடக்கும் மீனைப் பார்த்து அது தோண்டி எடுக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. மீசை அதைச் சொல்லாது, அறுபது கதிர்களும் சொல்லாது. அந்தச் செய்தி மீனோடு கூடவே கப்பலேறிப் போயிருக்க வேண்டும். குளத்தில் கால் வைத்தவன் ஜானிடம் சொல்லி, ஜான் எழுதி அனுப்பியதாகத்தான் இருக்க வேண்டும். தமிழ்ச் சொல் போகவில்லை. தமிழ்நாட்டுக் குளத்துச் சேறு போயிருக்கிறது.

அதே தரங்கம்பாடியில் அதே காலத்தில் இன்னொரு மீனுக்கு வேறு அதிர்ஷ்டம் அடித்தது. டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் 1791 நவம்பரில் குளக்கரைப் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை அச்சிட்டதும் பனையேறிக் கெண்டை உலகப் புகழ் பெற்றது. பனை ஏறியதா, ஏறவில்லையா என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை நடந்தது. உயிரோடு பார்த்து ஒருவர் நாலு வரி எழுதினால் மீனுக்கு வாழ்வு வந்துவிடுகிறது. தேளி மரம் ஏறவில்லை. சத்தமில்லாமல் 370ஆம் தட்டில் கிடந்தது.

1799இல் ப்ளோக் இறந்தார். அவர் விட்டுப்போன கைப்பிரதியை ஷ்னைடர் என்ற மொழியறிஞர் முடித்து 1801இல் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் வகைப்பாட்டு முறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மீன்களைத் துடுப்பின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். பதினொரு துடுப்பு உள்ளவை முதல் வகுப்பு. அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் துடுப்பே இல்லாதவை. பல்லை எண்ணிச் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பதைப் போன்ற காரியம். நம் வாளைக்கு ‘அட்டு’ என்ற இனப் பெயர் வந்தது இந்தப் புத்தகத்தில்தான். முறை செத்தது, பெயர்கள் பிழைத்தன.

வங்காளத்தில் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் ஃபிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் கங்கையின் மீன்களை உயிரோடு பார்த்து, படம் எழுதவைத்துக் குறிப்பெடுத்தார். 1815இல் அவர் ஊர் திரும்பியபோது கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு அந்தப் படங்களை எடுத்துப்போக விடவில்லை. 1822இல் எடின்பரோவில் புத்தகம் வந்தது. அதில் இதே மீன் ‘சைலூரஸ் சிங்கியோ’. வங்காளிகள் இன்றும் சிங்கி என்றுதான் சொல்கிறார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குச் சிங்கி மீன் சாறு அங்கே பத்திய உணவு. நல்ல பெயர்தான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் பிந்திவிட்டது. முந்தி வைத்த பெயருக்கே மதிப்பு என்பது வகைப்பாட்டின் இரும்பு விதி. உயிரோடு பார்த்தவர் தோற்றார், செத்ததைப் பார்த்தவர் ஜெயித்தார்.

மீனின் மூச்சு அதன் பெயரில் ஏற 1840 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு பேர் அதைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் பெர்லின் உடற்கூற்றியல் பேராசிரியர் யோஹன்னஸ் முல்லர். விர்ச்சோ, ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஷ்வான் போன்ற விஞ்ஞானிகளெல்லாம் அவரிடம் பாடம் கேட்டவர்கள். இன்னொருவர் பாரிஸில் குவியேவின் மாபெரும் மீன் நூலைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்த வாலன்சியன். இந்த மீன் சைலூரஸில் இருக்க லாயக்கில்லை, தனிப் பேரினம் வேண்டும் என்று இருவருமே முடிவு செய்தார்கள். இருவரையும் அந்த முடிவுக்குத் தள்ளிய காரணமும் ஒன்றுதான்.

தேளியைச் செவுளிலிருந்து பின்னோக்கி அறுத்துக்கொண்டே போனால் அந்தக் காரணம் தெரியும். செவுள் அறையின் பின்சுவரிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய குழாய்ப் பைகள் கிளம்புகின்றன. முதுகெலும்பை ஒட்டி, சதைக்கு நடுவே வழி ஏற்படுத்திக்கொண்டு, வால் பக்கம் பாதித் தூரத்துக்கு மேல் ஓடுகின்றன. உள்சுவர் முழுவதும் ரத்த நுண்குழாய்கள். மீன் மேலே வந்து காற்றை வாயில் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காற்று இந்தப் பைகளுக்குள் போய், அதிலுள்ள பிராணவாயு ரத்தத்தில் கலக்கும். நுரையீரலும் இல்லை, மீன்களுக்கு வழக்கமாக உள்ள காற்றுப்பையும் இல்லை. தேளியின் உண்மையான காற்றுப்பை சிறுத்துப்போய், எலும்புக் கூட்டுக்குள் தனியாகக் கிடக்கிறது. சேற்றில் புதைந்து, தண்ணீரில் பிராணவாயு தீர்ந்தபின்னும் உயிர் வாழ்வதன் ரகசியம் செவுள் அறையிலிருந்து முளைத்த அந்தக் குழாய்கள்தாம்.

வாலன்சியன் அதற்கு ‘சாக்கோபிரான்கஸ்’, அதாவது பைச்செவுளான், என்று பெயர் வைத்தார். முல்லர் வைத்தது ‘ஹெட்டெரோநியூஸ்டிஸ்’, வேறு விதமாக மூச்சு விடுபவன். அழகில் முதல் பெயர், பொருத்தத்தில் இரண்டாவது பெயர் என்பது என் கட்சி. ரொம்ப காலம் முதல் பெயர்தான் செல்லுபடியானது. மதராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்து, இந்திய மீன்கள் பற்றிய பெரும் நூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ஃபிரான்சிஸ் டே, தேளியைச் சாக்கோபிரான்கஸ் என்றே எழுதினார். ஒவ்வொரு மீனுக்கும் கீழே தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களைத் தேடிப் போட்டவரும் அவர்தான். காற்றைக் குடிக்கும் மீன்களை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே தடுத்து வைத்தால் மூச்சுமுட்டிச் சாகும் என்று சோதித்தும் பார்த்தார். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று லண்டனில் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. இருபதாம் நூற்றாண்டில் முன்னுரிமைக் கணக்கைச் சரிபார்த்து முல்லர் பக்கம் தீர்ப்பானது. அன்றிலிருந்து மீனின் முழுப்பெயர் ஹெட்டெரோநியூஸ்டிஸ் ஃபாஸிலிஸ்: வேறு விதமாக மூச்சு விடும், தோண்டி எடுக்கப்பட்டது. குளத்தில் இறங்கிய கூலிக்காரருக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களும் பெயருக்குள் வர நாற்பத்தாறு வருஷமும் இரண்டு பெர்லின்காரர்களும் வேண்டியிருந்தது.

சைலூரஸ் என்ற பரண் அதற்குள் காலியாகிவிட்டது. அதிலிருந்து இறக்கியவற்றை வைத்து ஒரு முழு வரிசையையே கட்டினார்கள். கார்ல் ஃபெராரிஸ் 2007இல் வெளியிட்ட பட்டியலில் மீசைமீன் இனங்கள் 3,093. இப்போது நான்காயிரத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவை நன்னீரில், அதிலும் தென் அமெரிக்காவில். மீசை அவற்றை ஒன்றுசேர்க்கும் அடையாளமென்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மீசை யாருக்கும் முளைக்கும், கெண்டைக்குக்கூட உண்டு. வரிசையைத் தாங்கும் சான்றுகள் மண்டையோட்டிலும் முதுகெலும்பிலும் இருக்கின்றன. 1820இல் வேபர் என்ற ஜெர்மானியர், சில மீன்களில் காற்றுப்பையையும் உட்காதையும் சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலியாக இணைப்பதைக் கண்டுபிடித்தார். கெளுத்தி, வாளை, தேளி எல்லாவற்றுக்கும் அந்தச் சங்கிலி உண்டு. கெண்டைக்கும் அயிரைக்கும் உண்டு. செதில் பளபளக்கும் கெண்டையும் செதிலே இல்லாத தேளியும் பங்காளிகள் என்று சாட்சி சொல்வது அந்தக் காதெலும்பு. பார்வைக்குத் தேளியை ஒத்த விலாங்குக்கும் ஆரலுக்கும் அது கிடையாது. உறவு தூரத்து உறவுதான்.

தேளியின் நெருங்கிய சொந்தம் கிளாரியஸ் குடும்பம். அவையும் காற்றைக் குடிப்பவை. ஆனால் பையில் இல்லை. செவுளுக்கு மேலே மரம்போலக் கிளைத்த ஓர் உறுப்பில். கிளாரியஸைத் தனிக்குடும்பமாக வைப்பதா, தேளியோடு ஒரே குடும்பமாக்குவதா என்று இன்னும் இழுபறி. மரபணுவை வாசித்த ஆய்வுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகின்றன. கோடு எங்கே போடுவது என்பதில்தான் ஒத்துவரவில்லை. அந்தச் சொந்தக்காரன் பட்ட பாடு தேளி பட்டதைவிட மோசம். இந்தியக் கிளாரியஸை இருநூறு வருஷமாக லின்னேயஸ் வைத்த ‘பாட்ராக்கஸ்’ என்ற பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பாடப்புத்தகம், அரசு அறிக்கை, ஆய்வேடு எல்லாவற்றிலும் அதேதான். 2008இல் ஹியோக் ஹீ ஙும் மாரிஸ் கோட்டலாட்டும் அந்தப் பெயருக்கு ஜாவாத் தீவு மீன் ஒன்றை மூல மாதிரியாக நிறுவினார்கள். பெயர் ஜாவா மீனுக்குப் போய்விட்டது. வட இந்திய மீனுக்கு ஹாமில்டன் 1822இல் வைத்த ‘மாகுர்’ திரும்பக் கிடைத்தது. சிங்கியில் தோற்ற ஹாமில்டன் மாகுரில் ஜெயித்தார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் நிலைத்தபின் தேளிக்கு வேறு வேலை வந்தது. கொடுமை தாங்கும் மீன், தொட்டியில் சாகாது, எங்கும் கிடைக்கும், ஆய்வுக்கூடங்கள் விடுமா? 1956இல் எல். எஸ். ராமசுவாமியும் பி. ஐ. சுந்தரராஜும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசிபோட்டுத் தேளியை முட்டையிடவைத்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். கெண்டை மீன்களுக்கு அதே வித்தையைச் செய்து ஹிராலால் சௌதுரி பேர் வாங்கியது அதற்கு அடுத்த வருஷம். நாட்டின் மீன் வளர்ப்போர் தினம் கொண்டாடப்படுவது கெண்டைக்குத்தான். 1987இல் சாகா, ரத்தா இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். மீன்கள் பொதுவாகக் கழிவை அமோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். சேற்றில் கிடக்கும் தேளிக்கு விடத் தண்ணீர் ஏது? உடம்பிலேயே தேங்கினால் விஷம். ஆகவே நம்மைப் போலவே அதை யூரியாவாக மாற்றிக்கொள்கிறது. மூச்சுக்கு ஒரு வழி செய்தால் போதாது, மூத்திரத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது சந்தையில் தேளி என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கிளாரியஸ். நாட்டுத் தேளி வேண்டுமென்றால் அப்படியே சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. நாட்டுத் தேளியே ஒன்றுதானா என்பதும் கேள்விக்கு வந்திருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரை, கீழே இலங்கை வரை பரந்து கிடக்கும் மீன் முழுவதும் ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனைமலைப் பகுதியிலிருந்து நீண்ட பக்கத் துடுப்புள்ள ஒன்றை 1999இல் ரெமா தேவியும் ரகுநாதனும் தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கைத் தேளிக்கு குந்தர் 1864இல் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைத் தனி இனமாக ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு.

நாளைக்கு யாராவது மரபணுவை வைத்துத் தேளியை மூன்றாகவோ நான்காகவோ பிரித்தால், ‘ஃபாஸிலிஸ்’ என்ற பெயர் அதில் எதற்குப் போகும்? கங்கைத் தேளி எண்ணிக்கையில் அதிகம், அதைப் பற்றிய ஆய்வும் அதிகம். அதெல்லாம் செல்லாது. பெயர் ப்ளோக்கின் மாதிரியோடு கட்டப்பட்டது. அந்த மாதிரிக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் ஊர் தரங்கம்பாடி. வங்காளத்துச் சிங்கிக்கு அப்போது ஹாமில்டன் வைத்த சிங்கியோ திரும்பக் கிடைக்கலாம். பிரிக்கிற ஆளோ, பெர்லினில் எவ்வளவு படித்திருந்தாலும், தரங்கம்பாடிப் பக்கம் ஒரு குளத்தில் இறங்கித் தேளி பிடிக்காமல் வேலையை முடிக்க முடியாது. பக்கத் துடுப்பு முள்ளைப் பார்த்துப் பிடிக்கும்படி உள்ளூரில் யாராவது சொல்லி அனுப்புவார்கள்.